காதைக் கழற்றி வைத்துவிட்டார்கள்

என் வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மறுநாள் உள்ளே விட்டபோது அவரைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். இரண்டு மணிக்கட்டிலும் துணிப்பட்டை.

"மெஷின நிறுத்துங்கடா! கை உள்ள மாட்டிகினு கீது!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அவர் ஒரகடத்தில் பிரஸ் ஷாப்பில் இருந்தவர். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் இடம். காது அங்கேதான் போனது. இயர் பிளக் கேட்டால் அடுத்த மாதம் வரும் என்பான் சூப்பர்வைசர். வரவே இல்லை. காது மெஷின் மாட்டாவிட்டால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் கேட்காது. கண்ணாடி இல்லாவிட்டால் என் முகமே தெரியாது.

இரண்டுமே அப்போது அவரிடம் இல்லை. என்னைப் பார்த்து, "யாருய்யா நீ, கேட்டத் தொற" என்றார்.

"சிலருக்கு இப்படி ஆகும்மா, தானா சரியாயிடும்" என்றாள் நர்ஸ்.

"தானா சரியாவுறதுக்கு எதுக்கும்மா கட்டி வெச்சிருக்கீங்க?"

"டியூபைப் பிடுங்குறாரு."

அதுவும் உண்மைதான். ஆனால் அறுத்துத் தைத்த நெஞ்சோடு பைத்தியத்தையும் சேர்த்துக் வீட்டுக்குக் கூட்டிப் போகப்போகிறேனோ என்று பயந்தேன்.

பிறகு வந்த டாக்டரம்மாதான் கண்ணாடி, காது மெஷின் போடுவாரா என்று கேட்டார். "பைத்தியம் இல்லம்மா. பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் மூளை குழம்பும். கண்ணும் காதும் இல்லாம படுத்திருந்தா இன்னும் மோசமாகும். முழிச்சதுமே மாட்டியிருக்கணும். பகல் வெளிச்சம் படணும், ராத்திரி தூங்க விடணும், தெரிஞ்சவங்க பேசணும்."

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"யாரும் சொல்லலையா?" என்று என்னையே கேட்டார். நல்ல கேள்வி.

ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பில் இருக்கும் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னபோது வாங்கிக்கொண்டவன் என் கொழுந்தன். இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில் வேலை. புதுக் காரில் கீறல் விழக் கூடாதென்று கேட்டில் மோதிரம், வாட்ச், போன் எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் லைனுக்குப் போகணும். வெளியே வரும்போதுதான் திரும்பக் கிடைக்கும். அதே பழக்கத்தில் அண்ணனுடைய கண்ணாடியையும் காதையும் கைக்குட்டையில் சுற்றி பைக் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டான். போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. அதுவும் கேட்டில்தானே கிடக்கும்.

ஷேர் ஆட்டோ பிடித்து அந்த கம்பெனி கேட்டுக்கே போனேன்.

"ஷிஃப்ட் முடிஞ்சி வருவாரும்மா. லைன்ல இருக்கவர கூப்புட முடியாது" என்றான் செக்யூரிட்டி.

"அப்போ உன் காதக் கழட்டிக் குடு, எடுத்துகினு போறேன்."

நான் போட்ட சத்தத்தில் நாலு பேர் கூடிய பிறகுதான் உள்ளே ஆள் போனது. கொழுந்தன் ஓடி வந்து பெட்டியைத் திறந்தான்.

"ஒரு கீறல் இல்ல பாருங்க அண்ணி!"

"கீறல் உங்க அண்ணன் கையில கீது. போய்ப் பாரு."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி கண்ணாடியைப் போட்டு, காதில் மெஷினைச் செருகினேன். "யோவ், இது ஆஸ்பத்திரி! உனக்கு ஆபரேஷன் முடிஞ்சிடுச்சி!"

முகத்தைச் சுளித்தார். "இன்னாத்துக்குக் கத்துற? கேக்குது" என்றார். முதலில் ஒரு கையை அவிழ்த்தார்கள்.

முழுசாகத் தெளிய இன்னும் சில நாள் ஆனது. ஆனால் இன்றைக்கும், நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரை பிரஸ் ஷாப்பில் பூட்டிவிட்டுப் போனதாகத்தான் சொல்கிறார். ஆஸ்பத்திரி என்றால் நம்புவதில்லை.

போன வாரம் செக்கப்புக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுப்பவன், "காதுல இருக்கத கழட்டுங்க" என்றான். இவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். மணிக்கட்டில் பட்டை அறுத்த தடம் இன்னும் மறையவில்லை.

"நெஞ்சத்தானே படம் புடிக்கிற? புடி" என்றேன்.