மணியனின் இதயமும் என் கெட்ட செபமும்

எண்பதாம் வருஷத் தவக்காலம். இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது என் பூனை மணியன் அலறிக்கொண்டே பின்னங்கால் இரண்டையும் தரையில் இழுத்து இழுத்து வந்தான். தூக்கினால் கால்கள் ஈரத்துணி மாதிரித் தொங்கின. தொட்டால் சில்லென்று இருந்தன.

மணியன் என் மகள் வளர்த்த பூனை. அவள் புருஷனோடு இந்தியாவுக்குக் கப்பலேறிய பிறகு, வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லயத்து அறையில் எனக்கென்று இருந்த உயிர் அவன் ஒருவன்தான். நான் பதறிப்போனேன்.

சந்தேகம் நேராகப் பக்கத்து அறைக்குப் போனது. எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. அதன் மேல் ஏறித்தான் மணியன் பக்கத்து அறைப் பாக்கியத்தின் அடுப்படிக்குப் போவான். முந்தின நாள் அவளுடைய கருவாட்டைத் தூக்கிவிட்டான். "இன்னொருக்கா வந்தா காலை ஒடிச்சிப்புடுவேன்" என்று அவள் கத்தியதை லயமே கேட்டது.

"சொன்ன மாதிரியே செஞ்சிட்டியேடி பாவி!" என்று அவள் வாசலில் நின்று கத்தினேன்.

"சத்தியமா நான் தொடலக்கா" என்று அழுதாள். நான் நம்பவில்லை. கங்காணியிடம் சொல்லி, மலையில் அவளுக்குப் பக்கத்துத் தேயிலை நிரையை விட்டு வேறு நிரைக்கு மாறிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அந்தோனியார் படத்துக்கு முன் முழங்காலிட்டேன். "என் மணியனை நடக்க வையும். இதைச் செய்த கை விளங்காமல் போகட்டும்" என்று வேண்டினேன். அதைச் செபம் என்று சொல்ல இன்று எனக்கு வாய் கூசுகிறது.

தவக்காலத்தில் சாயங்காலச் செபமாலை ஒவ்வொரு வீடாகச் சுற்றி வரும். மறுநாள் பாக்கியம் வீட்டு முறை. நான் போகவில்லை, மணியனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் சுவருக்கு மேலே திறப்புதானே, எல்லாம் காதில் விழுந்தது. செபமாலை முடிந்ததும் வீட்டுக்காரி தன் வேண்டுதலைச் சொல்வது வழக்கம். "ஆண்டவரே, அந்த வாயில்லா ஜீவனோட வலிய எடுத்துருங்க. அக்கா எங்கூடப் பேசணும்" என்றாள் பாக்கியம். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். என் மனசு அவ்வளவு கல்லாகக் கிடந்தது.

அடுத்த நாள் தோட்டத்துத் துரை பங்களாவில் மாடு பார்க்க மிருக வைத்தியர் வந்தார். மணியனைக் கொழுந்துக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் காலைத் தடவிப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"யாரு அடிச்சதுங்க ஐயா?"

"யாரும் அடிக்கலம்மா. எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நோய் இதயத்துல. இதயத்துத் தசை தடிச்சுப்போச்சு. உள்ள ரத்தம் கட்டி, அந்தக் கட்டி காலுக்குப் போற ரத்தக் குழாய அடைச்சிருச்சு. முன்னாடி மூச்சு வாங்குச்சா?"

வாங்கியது. சுவரேறி இறங்கினால் வாயைத் திறந்து இளைப்பான். "கெழவனாயிட்டியாடா" என்று கேலி செய்து சிரித்திருக்கிறேன்.

"பொழைக்குமாங்க?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, வலியில் துடிக்கவிடுவதைவிட ஊசி போட்டுத் தூங்க வைக்கலாம் என்றார். சரி என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது. என் முந்தானையில் நகம் மாட்டியபடியே மணியன் அடங்கினான்.

கூடையோடு நேராகப் பாக்கியத்தின் வாசலுக்குப் போனேன். "நீ அடிக்கல புள்ள. அவனுக்கு நெஞ்சுல நோவு. என்னை மன்னிச்சிரு" என்றேன். அவள் "ஐயோ அக்கா" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். லயத்துக்குப் பின்னால் குழி தோண்டியதும் அவள்தான். விளங்காமல் போகட்டும் என்று நான் வேண்டிய கை அது.

என் செபத்தில் ஒரு வார்த்தையைக்கூட ஆண்டவர் கேட்கவில்லை. பாக்கியம் கேட்ட இரண்டையும் கொடுத்தார். மணியனின் வலி போனது. நான் அவளோடு பேசினேன். அதற்குப் பிறகு யாருக்கும் கெடுதல் கேட்டு நான் முழங்காலிட்டதில்லை.

மணியனை நினைத்தால் இன்றும் அழுகிறேன். கேட்டது கிடைக்காமல் அழுகிறவர்களே, ஆண்டவரை விட்டுப் போய்விடாதீர்கள். நீங்கள் கோபித்துக்கொண்ட யாரோ ஒருத்தி, சுவருக்கு அந்தப் பக்கம் உங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருப்பாள்.