கார் சாவிக்காக ஒரு லேண்டிங்

எங்கள் தெருவில் எனக்குப் பெயர் பைலட்டு. மரியாதையில் வைத்த பெயர் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். வில்லியனூரில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறவன் நான். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் முகங்கள் எல்லாம் என் மெஷினில்தான் பெரிதாகும். விமானத்தில் இதுவரை ஏறியதில்லை. மொட்டைமாடிச் சுவர் ஓரம் நின்று கீழே பார்த்தாலே உள்ளங்கால் கூசும். ஆனால் அதே மாடியில் தகர ஷீட் போட்ட ரூமில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போர் விமானம் ஓட்டுகிறேன்.

ஓட்டுவது கம்ப்யூட்டரில்தான். பழைய வேனிலிருந்து கழற்றிய சீட்டு, வெல்டிங் பட்டறையில் சொல்லி அடித்த ஸ்டாண்டு, கைக்கு ஜாய்ஸ்டிக், காலுக்குப் பெடல், முகத்துக்கு வி.ஆர். கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டால் ஷீட் ரூம் காணாமல் போய்விடும். விமானத்துக்குள் உட்கார்ந்திருப்போம். குனிந்தால் மீட்டர், திரும்பினால் இறக்கை. கண்ணாடியின் முன்பக்கம் நான்கு மூலையிலும் சின்னச் சின்ன கேமராக்கள் உண்டு. நம் தலை எங்கே இருக்கிறது என்று அவைதான் ரூமைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும். இதை ஒருநாள் என் மனைவிக்கு விளக்கினேன்.

"பரவால்லியே, இந்த வூட்டுல அதுக்காச்சும் தெரியுது நீங்க எங்க இருக்கீங்கன்னு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

இப்படிப்பட்ட என் கடைக்கு நிஜமான ஒருவர் வந்து சேர்ந்தார். விமானப் படையில் சண்டை விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாகூர் பக்கம் மாந்தோப்பு வாங்கி, வீடு கட்டி, மனைவியோடு இருக்கிறார். எழுபதைத் தொடுகிற வயசு. அவருடைய முதுகு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை, அப்படி ஒரு நிமிர்வு. தோப்புக்கு 'நாய்கள் ஜாக்கிரதை' போர்டு அடிக்க வந்தவர், என் கம்ப்யூட்டர் திரையில் இருந்த விமானப் படத்தைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, இது யார் ஓட்டுறது?"

"நான்தான் சார். கேம்ல."

"சக்கரத்தை உள்ள இழுக்காம இந்த வேகத்துல போனா சக்கரம் பிச்சுக்கும்ப்பா."

அந்தப் படத்தைத்தான் நான் பெருமையாக ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் போர்டை மறந்தார், நான் பேனருக்குக் காத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரை மறந்தேன். வெளியே காரில் அவர் மனைவி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ஸ்டியரிங் அந்த அம்மா கையில் இருந்தது.

"நீங்க ஓட்டுறதில்லையா சார்?" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் கேட்டுவிட்டேன்.

மனுஷன் முகம் விழுந்துவிட்டது. பிறகு அவரே சொன்னார். பாகூர் ஏரிக்கரை ரோட்டில் இருவரும் வந்துகொண்டிருந்தபோது நல்ல மழை பிடித்துக்கொண்டிருக்கிறது.

"வைப்பர் நின்னுபோச்சு. அதனால என்ன? தினம் போற ரோடு. வளைவு எப்ப வரும்னு எனக்கு மனப்பாடம். மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே வந்தேன். வளைவுதான் கொஞ்சம் முன்னாலயே வந்துடுச்சு."

கார் புதிதாக நடவு முடிந்திருந்த வயலுக்குள் போய் நின்றிருக்கிறது. யாருக்கும் அடி இல்லை. "அந்தச் சேத்துல எவ்வளவு மெதுவா எறக்கினேன் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார், கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தோடு. ஆனால் அன்று சாயங்காலமே சாவி மனைவியின் கைப்பைக்குள் போய்விட்டது. சத்தத்தைவிட வேகமாகப் பறந்த மனிதர் பாகூர் கடைத்தெருவில் தயிர் பாக்கெட் வாங்கவும் மனைவிக்கு நேரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதாகிவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாட்டுக்காக விமானம் ஓட்டியவருக்கு மாருதி மாதிரி ஒரு சின்னக் காரைத் தரமாட்டேன் என்றால் என்ன நியாயம்? சம்பந்தமே இல்லாத நான் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன். "வூட்டுக்கு வாங்க சார், ஒரு நாள் பறக்கலாம்" என்று கூப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் தனியாக வரவில்லை. தோப்பில் விருந்தாளியாக வந்து தங்கியிருந்த ஒரு பழைய சகாவையும் ஆட்டோவில் கூட்டிவந்தார். அவரும் ஓய்வு பெற்ற போர் விமானிதான். என் மாடிக்கு இரண்டு நிஜ பைலட்டுகள்! என் மனைவி இருவருக்கும் சுண்டல் செய்துவைத்தாள். சகா முதலில் உட்கார்ந்தார், கண்ணாடியை மாட்டினார், கிளம்பினார், விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரு திருப்பு திருப்பினார். அவ்வளவுதான். "பக்கெட்... பக்கெட்..." என்றார். என் மனைவி ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். சுண்டல் எல்லாம் பக்கெட்டுக்குப் போனது.

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன், பொய் சொல்வானேன். மணிக்கணக்கில் ஓட்டுகிறேன், எனக்கு ஒரு ஏப்பம்கூட வந்ததில்லை. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் வாய் கொப்பளித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"விமானம் திரும்பினா உடம்பு சீட்டுல அழுந்தணும். என் உடம்பு அதுக்குக் காத்திருந்துச்சு. அழுத்தம் வரல, கொமட்டிடுச்சு. உன் உடம்புக்கு அப்படி எதுவும் வரும்னே தெரியாதுல்ல, அதான் நிம்மதியா இருக்கு."

என் சிரிப்பு அடங்கிவிட்டது.

தோப்புக்கார சாருக்கு வாந்தி வரவில்லை. ஆனால் பெல்ட் இல்லாமல் விமானத்தைக் கிளப்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். தரையில் ஆணி அடித்த வேன் சீட்டு எங்கே போய்விடப் போகிறது? கடைசியில் என் பழைய வேட்டியை முறுக்கி இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. விரல்கள் காற்றில் இல்லாத சுவிட்சுகளைத் தேடின. மேலே போனதும் நான் இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவரைச் சண்டைக்கு இழுத்துச் சுட்டு வீழ்த்தினேன். தெருவில் இரண்டு நாள் இதே பேச்சுதான். "பைலட்டு நிஜ பைலட்டையே போட்டுட்டாண்டா" என்று டீக்கடையில் சொன்னார்கள். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. சண்டையைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவருக்கு வேண்டியது லேண்டிங்.

"தம்பி, இதை அவ பார்க்கணும். என் கண்ணும் கையும் இன்னும் சரியா இருக்குன்னு பார்த்தா சாவியைக் கொடுத்துடுவா."

"அம்மா அப்படிச் சொன்னாங்களா சார்?"

"'வந்து பார்க்கிறேன், பார்த்துட்டு சொல்றேன்'னா. அதுக்கு அர்த்தம் அதுதானே?"

எனக்கும் அதுதான் அர்த்தம் என்று பட்டது. இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து ஒரு பெண் பேச்சுக்கு அர்த்தம் கண்டுபிடித்தால் இப்படித்தான். அதன்பிறகு ஞாயிறுதோறும் ஆட்டோவில் வந்தார். வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஏற்றுவதும் இறக்குவதும், ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். நிஜத்தில் உடம்பால் உணர்ந்ததை இங்கே கண்ணால் மட்டும் பிடிக்க வேண்டியிருந்தது. முதலில் ஓடுபாதையில் தொம்மென்று போட்டார். போகப் போகப் பூ மாதிரி இறக்கினார். அதைப் பார்க்கையில் எனக்கே கை தட்டத் தோன்றும்.

அவர் மனைவி பார்க்க வருகிற நாளை என் மனைவிதான் குறித்தாள். "ஆயுத பூஜைக்கு மறுநாள் வரச் சொல்லுங்க. விஜயதசமி, எதைத் தொட்டாலும் வெளங்கும்" என்றாள். சாருக்கும் சம்மதம்.

ஆயுத பூஜை அன்று வீட்டில் பொட்டு வாங்காமல் எதுவும் தப்பாது. ஸ்கூட்டர், மிக்ஸி, கிரைண்டர், கடை பிரிண்டர், டி.வி. ரிமோட் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் விடுவாள். மறுநாள் காலையில் நான் மாடிக்குப் போனபோது ஜாய்ஸ்டிக், பெடல், சீட்டு, கண்ணாடி எல்லாம் மங்களகரமாக இருந்தன. எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அன்றைக்குப் பொட்டு இல்லாத மெஷின் இருந்தால்தான் கண்ணில் படும்.

இருவரும் வந்தார்கள். அந்த அம்மா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சார் கண்ணாடிக்குள் பார்ப்பது வெளியே மானிட்டரிலும் தெரியும் என்று சொன்னேன். தலையாட்டினார். சார் வேட்டியைக் கட்டிக்கொண்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பெண் பார்க்க வந்த மாதிரி.

ஏறினார். கடல் மேல் ஒரு சுற்று சுற்றினார். ஓடுபாதையை நோக்கித் திரும்பினார். எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. ஷீட் ரூம் புழுக்கத்தில் வியர்வை கண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும், ஒரு கையால் கண்ணாடியை முன்பக்கம் பிடித்துத் தூக்கிச் சரிசெய்தார். அங்கேதான் வந்தது வினை. மானிட்டரில் காட்சி மெதுவாக நகர்ந்தது. மீட்டர்கள் ஒரு பக்கமாக ஒதுங்கின. விமானத்தின் பக்கச் சுவர் அவரை ஊடுருவிப் போனது. பார்த்தால் மனுஷன் விமானத்துக்கு வெளியே, இறக்கையின் மேல் உட்கார்ந்திருக்கிறார். விமானம் பக்கத்தில் ஆளில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

"சார், என்னமோ கோளாறு! நிறுத்துங்க, கழட்டிடுங்க!" என்று கத்தினேன்.

"இருப்பா."

"சார், ஒரு பட்டனைத் தட்டினா நின்னுடும் சார்!"

"பாதி வழியில எறங்கச் சொல்றியா? ஓடுபாதை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். பேசாம இரு."

காட்சி இன்னும் நழுவியது. இப்போது இறக்கைக்கும் பின்னால் போய்விட்டார். அவர் உதடு மட்டும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. காதால் எஞ்சினைக் கேட்டு, கையால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எங்கிருந்தோ ஒரு விமானத்தை இறக்குகிற மாதிரி இறக்கினார். சக்கரம் தரையைத் தொட்டது. ஒரு குலுக்கல்கூட இல்லை. ஓடி, வேகம் குறைந்து, ஓடுபாதையின் நடுக்கோட்டில் நின்றது. அடடா! என் வாழ்நாளில் அப்படி ஒரு லேண்டிங்கைப் பார்த்ததில்லை. கை தட்டினேன், விசில் அடித்தேன், என் மனைவி ஏதோ உடைந்துவிட்டது என்று மாடிக்கு ஓடிவந்தாள்.

கண்ணாடியைக் கழற்றி வாங்கிப் பார்த்தேன். கீழே இருந்த இரண்டு கேமராக்களின் மேல் கனமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். மேல் கேமராக்களுக்குப் பக்கத்தில் வைத்த பொட்டு, அவர் கை பட்டு இழுத்து, அவற்றின் மேலும் அப்பிக் கிடந்தது. நான்கு கண்ணும் குருடு.

"இன்னா வேல பண்ணி வெச்சிருக்க?" என்று மனைவியிடம் எகிறினேன்.

"இன்னா பண்ணிட்டேன்? எல்லா மெஷினுக்கும் வெச்சேன், இத மட்டும் அநாதையா வுடவா? பொட்டு வெக்கிறதுக்குன்னே குழி வெச்சிருந்தான், அதுல வெச்சேன்."

சார் சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "நாலு கண்ணையும் கட்டிட்டு எறக்கியிருக்கேன்! பார்த்தியா?" என்று மனைவி பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். சாவிக்காக நீட்டிய கை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிற பிள்ளை முகம்.

அந்த அம்மா கைப்பையைத் திறந்தார். சாவியை வெளியே எடுத்தார். அதில் சின்னதாக ஒரு விமானப் பொம்மை தொங்கியது.

"இதைக் கொடுக்கணும்னுதான் எடுத்துட்டு வந்தேன்" என்றார். குரல் உயரவே இல்லை. "நீங்க எறக்குவீங்களான்னு பார்க்க நான் வரலைங்க. அது எனக்குத் தெரியாதா? இந்தத் தம்பி நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்தினாரு. அன்னைக்கு ஏரிக்கரையில பக்கத்துல உட்கார்ந்து நானும் இப்படித்தான் கத்தினேன். அன்னைக்கும் நீங்க எண்ணிக்கிட்டுதான் இருந்தீங்க."

சாரின் கை நீட்டியபடியே இருந்தது.

"மேல போனா பாதியில நிறுத்த முடியாது. அதோடதான் நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன், எனக்குத் தெரியும். ரோட்டுல நிறுத்தலாங்க. ஓரம் கட்டிட்டு, 'எனக்குக் கண்ணு தெரியல, இரு'ன்னு என்கிட்ட சொல்லலாம். இன்னைக்கு அதை மட்டும் சொல்லியிருந்தா நீங்கதான் வண்டியை ஓட்டிட்டுப் போயிருப்பீங்க."

அந்த அம்மா சாவியைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். என் மனைவி முந்தானையால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். எனக்கு வாய் துறுதுறுவென்று வந்தது, 'அம்மா, கோளாறு எங்களுடையது, சார் பேரில் தப்பில்லை' என்று. சொல்ல முடியவில்லை. கோளாறைப் பற்றி அந்த அம்மா எதுவுமே கேட்கவில்லையே. இத்தனை வாரம் சாருக்குக் கை தட்டியவன் நான். நிறுத்தச் சொல்லிக் கத்தியவனும் நான்தான். அது எனக்குத் தாங்கவில்லை.

சார் இடுப்பில் கட்டியிருந்த வேட்டியைத் தாமே அவிழ்த்து, நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். "நல்லா பறந்தோம் தம்பி" என்றார். படியில் இறங்கிப் போனார்.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன், உள்ளங்கால் கூசினாலும் பரவாயில்லை என்று. கார் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தது. அவர் பழக்கத்தில் நேராக வலதுபக்கக் கதவுக்குப் போய்க் கைப்பிடியைத் தொட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.