விழுங்கப்படாத மாத்திரைகள்

எனக்குப் பெயர் வாங்கித் தந்த ஆய்வுக் கட்டுரை தவறானது. தவறென்று தெரிந்த பின்னும் நான் அதைத் திருத்தவில்லை. இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஏலப்பாறைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவன். கொழுந்து கிள்ளும் பெண்கள் பலருக்கும் இரத்தசோகை. வெளிறிய கண்களோடு, மூச்சிரைக்க மலையேறுவார்கள். அவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, மாதந்தோறும் இரத்தத்தைச் சோதித்து எழுதிவைத்தேன்.

அந்தப் பெண்கள் என்னை எப்படிக் கொண்டாடினார்கள் தெரியுமா! மழையில் நனைந்து அவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தால், அவர்களில் ஒருத்தியான பேச்சியம்மா என் காலில் ஒட்டிய அட்டைகளைச் சுண்ணாம்பு வைத்து உதிர்ப்பாள்; சூடாகப் பாலில்லாத கட்டன் சாயா தருவாள். மாத்திரையைப் பற்றிக் கேட்டால், "ஒழுங்கா முழுங்குதோம்யா" என்பாள்.

ஆனால் ஒருத்திக்கும் இரத்தம் ஊறவில்லை. இம்மலைப் பெண்களின் உடல் இம்மாத்திரையை ஏற்பதில்லை என்று முடிவுகட்டிக் கட்டுரை எழுதினேன். வெளிநாட்டு மருத்துவ இதழொன்று அதை வெளியிட்டது. பிரதி கேட்டு அஞ்சலட்டைகள் வந்தன... பிறர் தங்கள் கட்டுரைகளில் என்னை மேற்கோள் காட்டினார்கள். ஒரு மருத்துவக் கல்லூரி என்னைப் பேராசிரியர் வேலைக்கு அழைத்தது!

தோட்டத்தை விட்டுப் புறப்படுமுன் அந்த இதழைப் பேச்சியம்மாவிடம் காட்டினேன்.

"இது உங்களாலதான் வந்தது."

அவள் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். "என்னய்யா எழுதியிருக்கீக?"

சொன்னேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"ஐயா, கோவிச்சுக்கிடாதீக. நாங்க ஒருத்தியும் அத முழுங்கல. கொமட்டிக்கிட்டு வந்துச்சு, ரோசாச் செடித் தூருல போட்டுட்டோம். நீங்க மழையில நனஞ்சு வாறீக... வேண்டாம்னா உங்க மனசு சங்கடப்படும்லா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. என் மனம் நோகக்கூடாதென்று ஒரு லயனே சேர்ந்து பொய் சொல்லியிருக்கிறது! அதற்கு முன்னும் பின்னும் யார் என்னை இப்படி நேசித்தார்கள்?

"அப்ப அத மாத்தி எழுதிருங்கய்யா" என்றாள்.

"எழுதிடறேன், பேச்சியம்மா."

எழுத்தறியாத அவள் ஒரு நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள். நான்...? இதழாசிரியருக்கு நான்கு வரிக் கடிதம் தட்டச்சு செய்தேன். புதிய வேலை நிலைக்கட்டும், பிறகு அனுப்பலாம் என்று மேசைக்குள் வைத்தேன். மேற்கோள்கள் பெருகின. ஒவ்வொன்றையும் கண்டவுடன் முதலில் மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஒருநாள், வேறொரு மலைத்தோட்டத்து மருத்துவர் கல்லூரி முகவரிக்கு எழுதியிருந்தார். என் கட்டுரையைப் படித்தபின் தம் தோட்டத்துப் பெண்களுக்கு அந்த மாத்திரை கொடுப்பதையே நிறுத்திவிட்டாராம். நன்றி சொல்லியிருந்தார்.

எத்தனை பெண்கள்? அவர்களில் கருவுற்றவர்கள் எத்தனை பேர்? பிரசவ வேளையில் அவர்களுக்கு...? நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று அஞ்சினேன்!

'மீண்டும் கொடுங்கள்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதைக்கூட நான் எழுதவில்லை. கட்டுரையின் பிரதியொன்றை எடுத்து, 'அன்புடன்' என்று கையெழுத்திட்டு, அவருக்கு அனுப்பிவைத்தேன்.