களை நட்ட கூட்டம்

அவள் கை பட்டால் குடைக்கம்பு கூடத் துளிர்க்கும். சரி, இது கொஞ்சம் அதிகப்படிதான். துளிர்த்தது கம்பு அல்ல; அதைப் பற்றிக்கொண்டு ஏறிய அவரைக்கொடி. ஆனாலும் பொய்யில் பாதி மெய்.

பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துவது அவள் பிழைப்பு. பொழுது சாய்ந்தால், குடியிருப்பின் பின்புறத் தோட்டத்தில், வீட்டில் அடங்காத பதின்வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மண்ணைக் கிளறுவது அவள் உயிர். மண்புழுவை வெறுங்கையால் எடுத்து "வாடா ராஜா" என்று கொஞ்சுவதைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர் மண்புழு அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

தோட்டத்துக்கு வாய்த்த சனி, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அங்கே சிமெண்ட் பூசி வண்டி நிறுத்த வேண்டும் என்பது அவர் கனவு. பிள்ளைகளை அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகட்டுமா என்று அவள் கேட்டதும், மனிதர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"தாராளமா போங்க. நானும் வரேன். அங்கேருந்து ஒரே ஒரு புகார் வந்துச்சுன்னு வைங்க, தோட்டத்தை மறந்துடுங்க."

"ஒரு விரல் படாது சார். நான் பொறுப்பு."

வேன் போய்ச் சேரும்வரை அவள் ஓதிக்கொண்டே வந்தாள். "கையைக் கட்டிக்குங்க. மூச்சை மட்டும் விடுங்க."

பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். தொட்டால் தலைமுடியைக் குத்திட்டு நிற்க வைக்கும் மின்கோளத்தின் பக்கத்தில் "தொட்டுப் பாருங்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. தொடவில்லை. அங்கிருந்த ஊழியர் கெஞ்சினார். "தொடலாம் தம்பி, அதுக்குத்தானே வச்சிருக்கோம்."

"வேணாம் சார், எங்கக்கா தோலை உரிச்சிடுவாங்க."

செயலாளர் முகம் வாடிவிட்டது. குற்றம் கிடைக்காத ஏமாற்றத்தில் கழிவறைக்குப் போனார்.

மற்றவர்கள் பக்கவாசல் வழியாகத் தாவரப் பிரிவின் முற்றத்துக்கு வந்தார்கள். விளக்கிச் சொல்ல வேண்டிய பொறுப்பாளர் அம்மா இன்னும் வரவில்லை. எதிரே ஒரு பாத்தி, முழங்கால் உயரத்துக்குக் களை மண்டிக் கிடந்தது.

"அடப் பாவமே, இவ்வளவு பெரிய இடத்துல மண்ணைக் கவனிக்க ஆளில்லையா?" என்றாள் மண்புழு அக்கா. சொன்னது வாய். அதற்குள் விரல்கள் ஒரு கோரையை வேரோடு உருவி விட்டன.

வாயாடி என்று பேரெடுத்த பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, அந்த மூலையில இன்னொண்ணு."

அவ்வளவுதான். எந்தக் கை யாருடையது என்றே தெரியவில்லை. பொறுப்பாளர் வந்தபோது பாத்தி மழித்த தலை மாதிரி பளபளத்தது. அந்தம்மாவுக்குத் திறந்த வாய் மூடவில்லை. பாத்தியின் மறுபக்கம் நின்ற பலகையைக் காட்டினார். "மனிதக் கை படாத மண்ணில் தானாக முளைப்பவை: ஓராண்டு ஆய்வு."

கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி செயலாளர் சரியாக அப்போது வந்து நின்றார். பலகையைப் படித்தார். பாத்தியைப் பார்த்தார். வாடிய முகம் மலர்ந்தது.

"நான்தான் மேடம் பிடுங்கினேன்" என்றாள் வாயாடி.

"நீ சும்மா இருடி" என்று மண்புழு அக்கா முன்னால் வந்தாள். "முதல்ல பிடுங்கினது நான்தாங்க. இதுங்க என் கையைப் பார்த்துப் பழகின பிள்ளைங்க. வேர் அறாமத்தான் எடுத்திருக்கோம். திருப்பி நட்டுடறோம்."

"களையையா?"

"களைதாங்க. பிழைக்கிறதுல அதை மிஞ்ச யாரு இருக்கா?"

அந்தம்மா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். "என் ஆய்வு போனது போனதுதான். சரி, பிடுங்கி நட்ட களை எவ்வளவு பிழைக்குதுன்னு பார்க்கலாம். நடுங்க. புகாரைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

களையைக் கண்டால் காளியாகிற கூட்டம், அன்றைக்குக் களைக்குத் தாலாட்டுப் பாடாத குறை. "பிழைச்சுக்கடி தங்கம்" என்று வாயாடி ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வார்த்தாள். செயலாளர் கைகட்டிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பொறுக்கவில்லை.

"இவ்வளவு ஆழத்துல புதைச்சா அழுகிடாதா?"

"வாயால சொன்னா போதாது சார், நட்டுக் காட்டுங்க" என்றாள் வாயாடி.

அவர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

கடைசியில் பொறுப்பாளர் கேட்டார். "புகாரை யார் பேருக்கு அனுப்பணும்?"

மண்புழு அக்கா மூச்சுவிட மறந்து செயலாளரைப் பார்த்தாள். அவர் மூக்கைச் சொறிந்தார், மூக்கெல்லாம் சேறு. "புகாரெல்லாம் எதுக்குங்க? வேர் பிடிச்சுதான்னு பார்க்க அடுத்த மாசம் நாங்களே வரோம். தோட்டத்துப் பிள்ளைங்க எல்லாரும்."

திரும்பி வந்து வேன் நின்றதும், பிள்ளைகளுக்காகக் காத்திருந்த அம்மா ஒருத்தி, "என்னத்தைப் பார்த்தீங்க?" என்றாள்.

மண்புழு அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பார்க்கிறதா? உலகத்துல ஒருத்தரும் செய்யாததைச் செஞ்சுட்டு வந்திருக்கோம். ஒரு காடு நிறைய களையை நானும் பிள்ளைங்களுமா நட்டோம்."

வேனிலிருந்து கடைசியாக இறங்கிய செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"காடு இல்ல, ஒரு பாத்தி. அதுலயும் அந்த மூலைக் கோரை பூரா நான் நட்டது."