மீரானைத் தூக்க எத்தனை கொசு?

சரக்குக் கிட்டங்கியில் மிளகு மூட்டைகள் சரிந்து செய்யது மீரானின் தொடையெலும்பை முறித்தன. எலும்பு கூடிவிட்டது, மனசு கூடவில்லை. மலாக்கா வியாபாரிகள் பாதிப்பேருக்குச் சரக்கு நிறுத்துக் கொடுத்தவர், காஜா பெராங் பகுதியிலிருந்த தன் வீட்டில் கொசுவலைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். பார்க்க வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அது அவருக்கு இன்னும் கசந்தது.

மனைவி பாத்துமுத்து உச்சுக்கொட்டவில்லை. ஒரு காலையில் கஞ்சியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, கொசுவெல்லாம் சேந்து உங்களைத் தூக்கிக்கிட்டுப் போகணும்னா எத்தனை கொசு வேணும்?"

"உனக்கென்ன புத்தி பெரண்டுபோச்சா?"

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க."

நிறுத்தே பிழைத்த மனிதருக்கு அது சுருக்கென்றது. "கொசு தன் எடைக்கு ரத்தம் குடிச்சிட்டும் பறக்குது," என்றார் சுவரைப் பார்த்தபடியே. "அப்ப தன் எடையைத் தூக்கும். ஒரு கொசு என்ன எடை இருக்கும்?"

வலையில் அடித்த கொசுக்களை அவள் கொண்டுவந்தாள். "ரத்தம் குடிக்காததாப் பொறுக்கு!" என்று அதட்டினார் மீரான். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த அதட்டல். பாத்துமுத்துவுக்கு அது தேனாக இருந்தது.

பொன் நிறுக்கும் தராசு கேட்டுச் பக்கத்துக் குடியிருப்பான செட்டிக் கம்பத்துத் தட்டார் பிச்சையிடம் ஓடினாள். தலைமுறைகளாக மலாய் பேசித் தமிழை மறந்த குடும்பத்துப் பிச்சை, "கிலா-கா?" என்று மலாயில் அவளுக்குப் பைத்தியமா எனக் கேட்டுவிட்டு, தராசோடு தானும் வந்தார்.

ஐம்பது கொசு ஒரு குண்டுமணிக்குச் சரியாக நின்றது. மீரான் ஏறத்தாழ ஒரு பிக்குல், அதாவது அறுபது கிலோ எடை. பெருக்கிப் பார்த்தால் இரண்டரைக் கோடிக் கொசு!

"இந்த வாசல்ல அத்தனையும் நுழையாதே," என்றார் மீரான்.

"சன்னலையும் தெறந்து வைக்கிறேன்."

மீரான் விலா குலுங்கச் சிரித்தார்.

மறுநாள் பிச்சை ஒரு கேள்வியோடு வந்தார். ஊர் முழுக்கக் கூடித் தேநீர்க் கோப்பையால் குடித்தால் மலாக்கா ஆறு எப்போது வற்றும்? மீரான் உற்சாகமாகக் கணக்குப் போட்டார். "பாத்து, ஆறு என்ன அகலம் இருக்கும்?"

ஆற்றோரத்தில் பிறந்தவள் அவள். "எனக்கென்ன தெரியும்? வந்து பாருங்க," என்றாள்.

அவர் கொசுவலையை ஒதுக்கினார். பிறகு காலைத் தரையில் ஊன்றினார். கைரிக்‌ஷாவில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பிச்சை ஒருபுறமும் அவள் ஒருபுறமும் தாங்க, மீரான் நின்றார். கரையில் கிடந்த ஆரஞ்சுத் தோலை எடுத்துத் தரச்சொல்லி நீரில் எறிந்து வேகம் பார்த்தார். தோல் கடலுக்குப் போகாமல், எதிர்ப்பக்கமாக ஊருக்குள் மிதந்து போனது.

"கடல் ஏத்தம்! நாம குடிக்கக் குடிக்கக் கடல் நிரப்பிக்கிட்டே இருக்கும்," என்றார். "ஆறு வத்தாது. ஊருக்குத்தான் வயித்தால போகும்."

பிச்சைக்கு அதை அவரே மலாயில் சொன்னார். சொல்லும்போது பாத்துமுத்துவின் தோளிலிருந்து கையை எடுத்திருந்தார். அவள் அதைக் கவனித்தாள்.