பயிற்றங்கொடியில் முதலைக்குட்டிகள்

யுத்த காலத்தில் எங்கள் கிணற்றடியில் ஒரு பந்தல் பயிற்றங்கொடி நின்றது. குருத்தெல்லாம் அழுக்கணவன் மொய்த்திருந்தது. கடுகளவு கறுத்த பூச்சி. சாற்றை உறிஞ்சி இலையைச் சுருட்டிவிடும். பக்கத்து வளவில் புகையிலை செய்பவர் சொன்னபடி, புகையிலைத் தண்டு ஊறிய தண்ணீரை வேப்பங்குழையால் தெளித்தேன். மறுநாள் பூச்சிகள் செத்து உதிர்ந்து கிடந்தன. என் ஏழு வயது மகள் அந்தக் கொடியின் பிஞ்சுகளைப் பச்சையாகத் தின்றிருக்கிறாள் என்பது, அவள் வாந்தியெடுத்து வெளிறிக் கிடந்தபோதுதான் தெரிந்தது. மானிப்பாய் ஆசுபத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டாள். வழியில் அவள் கை குளிர்ந்திருந்தது; அதற்கு மேல் எழுத என்னால் இயலவில்லை.

அதன்பின் அவளைக் கொடியடிக்குப் போகவிடவில்லை. பூச்சியோ திரும்ப வந்தது. விடியற்காலையில், இலையின் பனி காயுமுன், அடுப்புச் சாம்பலைத் தூவினேன். கொஞ்சம் குறைந்தது. கறுத்த உடம்பில் செம்மஞ்சள் புள்ளியுள்ள நீண்ட புழுக்களும் அங்கே ஊர்ந்தன. அவைதான் தாய்ப்பூச்சி என்று எண்ணி நசுக்கினேன்.

நான் பள்ளிக்கூட ஆசிரியன். பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன சட்டம்பியார், நீறு பூசிக் கொடியைச் சாமியாராக்கிப் போட்டியள்! என்னட்டை இன்னும் தண்டு கிடக்கு."

"வேண்டாம்."

"அப்ப பயித்தங்காய் உங்களுக்கில்லை, அழுக்கணவனுக்குத்தான்."

ஒரு பின்னேரம் மகள் பந்தலுக்குக் கீழே குந்தியிருப்பதைக் கண்டு கத்தினேன். அவள் திரும்பவில்லை.

"சத்தம் போடாதேங்கோ ஐயா. முதலைக்குட்டி சாப்பிடுது."

குனிந்து பார்த்தேன். நான் நசுக்கிய அதே புழு, ஓர் அழுக்கணவனைக் கவ்வி உறிஞ்சிவிட்டுத் தோலை எறிந்தது. அடுத்ததைப் பிடித்தது.

"இது ஏழாவது. இதுகளை ஏன் நசுக்கிறனீங்கள்?"

நானும் பக்கத்தில் குந்தினேன்.

சில நாளில் ஒரு புழு இலையில் வாலை ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. செத்துவிட்டது என்றேன். "இல்லை, படுத்திருக்கு" என்றாள். தினமும் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். ஒரு காலை தோல் வெடித்து, வெளிறிய வண்டு ஒன்று வெளியே வந்தது. பார்த்திருக்கவே அது சிவந்து, முதுகில் கறுப்புப் புள்ளிகள் தெளிந்தன. இந்த வண்டைச் சிறு வயதிலிருந்தே கண்டிருக்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"நாளைக்கு நான் தனிய வந்து பாக்கட்டே, ஐயா?"

புகையிலைத் தண்ணீரை நான் தெளித்தபின் எத்தனை மழை பெய்து கொடியைக் கழுவியது என்று யோசித்துப் பார்த்தேன்.

"வாயிலை ஒண்டும் வைக்கப்படாது."

"ஓம்."

மறுநாள் அவள் தனியே போனாள். நான் சால்வையைப் போட்டபடி படலையடியிலேயே நின்றேன். மனைவி வந்து பார்த்தாள்.

"அவள் அங்கை பூச்சியைப் பாக்கிறாள், நீங்கள் இஞ்சை அவளைப் பாக்கிறியள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

படலையைத் திறந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.