வெட்டிய ஃபிளாக்

ஒரு ஃபைல் டிஸ்க்கில் எங்கெங்கே துண்டு துண்டாகக் கிடக்கிறது என்று கணினியின் மைய நிரலான கெர்னலிடம் ஒரே கேள்வியில் கேட்டு வாங்கும் வழியை உத்தமபாளையத்து பாஜிலா ஏழு மாதம் மண்டையை உடைத்து வடிவமைத்தாள். தேனி ஆபீஸில் அவளுடைய மேலாளர் தமிழ்மாறன் அதைக் கூச்சமில்லாமல் தன் பெயரில், கெர்னல் எழுதுபவர்கள் எல்லாரும் படிக்கும் மெயிலிங் லிஸ்ட்டுக்கு அனுப்பினார். அது 2008. அனுப்புமுன் ஒரு ஃபிளாகை, அதாவது ஒரு அடையாளக் குறியை, வெட்டினார். டேட்டா மெமரியில் இருக்கிறது, டிஸ்க்கில் இன்னும் இடம் ஒதுக்கவில்லை என்று சொல்லும் ஃபிளாக் அது.

"இது எதுக்கும்மா? வெட்டி வேலை."

அது இல்லாவிட்டால் என்ன நாசமாகும் என்று பாஜிலாவுக்குத் தெரியும். வேலையை உதறிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பாராட்டு நன்றாகக் குவியட்டும் என்று மூன்று வாரம் பொறுத்தாள். பிறகு பத்து வரிச் சோதனை நிரல் ஒன்றை அதே லிஸ்ட்டில் போட்டாள். எழுதிய கையோடு ஃபைலை தமிழ்மாறன் அனுப்பிய வழியில் நகலெடுத்தால், இடம் ஒதுக்காத டேட்டா வெற்றிடமாகத் தெரிந்ததால் நகல் முழுக்கப் பூஜ்யம் வந்தது.

சாயங்காலமே போன் வந்தது.

"பாஜிலா, அந்த ஃபிளாக் எதுக்குன்னு கொஞ்சம் சொல்லும்மா. லிஸ்ட்ல எல்லாரும் கேக்குறாக."

"அங்கனயே நீங்களும் கேளுங்க சார். எல்லார் முன்னாலயும் சொல்றேன்."